சதையில் ஊசி எதற்கு, கரண்ட் எதற்கு? வாசகர் கேள்வி பதில்

தசை பலவீனம் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கேள்விகளில் நிறைய "கரண்ட் டெஸ்ட்", அதாவது தசையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் இ.எம்.ஜி. பற்றித்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. எல்லாம் வீட்டு நோய் பற்றிய கடிதங்கள் என்பதால் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

என் அம்மாவுக்கு 46 வயது. சில மாதங்களாக மாடிப்படி ஏற முடியவில்லை, தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை, கீழே உட்கார்ந்தால் யாராவது பிடித்துத் தூக்க வேண்டியிருக்கிறது. ரத்தத்தில் சி.பி.கே. என்ற தசை நொதி 4,800 என்று வந்தது. கண் இமைமேல் கருநீலமாகத் தடித்திருக்கிறது. தசை அழற்சி என்று சொல்லிவிட்டு இ.எம்.ஜி. எடுக்கச் சொல்கிறார் டாக்டர். ரத்தத்திலேயே தெரிந்த பிறகு ஊசியும் கரண்டும் எதற்கு? அந்த டெஸ்ட் எடுத்தால் நரம்பு தளர்ந்துவிடும் என்று தெருவில் பயமுறுத்துகிறார்கள். (வில்லியனூர்)

முதலில் பயத்தைத் தீர்த்துவிடலாம் அம்மா. இந்த டெஸ்டால் நரம்பும் தளராது, சதையும் தளராது. நோய் ஏற்கெனவே தளர வைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் டெஸ்ட் எடுக்கிறோம், அதனால் பழி அதன்மேல் விழுகிறது.

ஒரே மேசையில் இரண்டு வேலை நடக்கும். முதல் பாதியில் கை, கால் தோல்மேல் மின்முனைகளை ஒட்டி, சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, நரம்பு எவ்வளவு வேகமாக, எவ்வளவு வலுவாகக் கடத்துகிறது என்று பார்ப்பார்கள். கரண்ட் என்பது அந்தப் பாதியோடு சரி. இரண்டாம் பாதிதான் உண்மையான இ.எம்.ஜி. அதில் மெல்லிய ஊசியைச் சதைக்குள் விடுவார்கள். அந்த ஊசி வழியாகக் கரண்ட் எதுவும் உள்ளே போவதில்லை, சதையில் தானாக உண்டாகும் மின்னோட்டத்தை எடுத்துத் திரையில் அலையாகவும் ஸ்பீக்கரில் சத்தமாகவும் காட்டுவது மட்டுமே அதன் வேலை. இப்படி ஒரு ஊசியை ஏட்ரியன், பிராங்க் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1929-லேயே செய்துவிட்டார்கள், இன்று எங்கள் மேசையில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே அமைப்புதான்.

சரி, சி.பி.கே. இருக்கும்போது இது எதற்கு? சாதாரணமாக 200-க்குள் இருக்க வேண்டியது 4,800 என்றால் சதை சேதமாகிறது என்று தெரிகிறது, எதனால் என்று தெரிவதில்லை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் அது ஏறும், கொலஸ்ட்ரால் மாத்திரையில் ஏறும், பிறவித் தசைநோயில் பல ஆயிரம் வரை ஏறும், முதல் நாள் ஜிம்முக்குப் போய் ஒரேயடியாக உட்கார்ந்து எழுந்தவருக்கும் ஏறும், நரம்பு செல் கெடும் சில நோய்களில்கூடக் கொஞ்சம் ஏறும். ஊசி டெஸ்ட் அந்தப் பட்டியலைச் சுருக்குகிறது.

ஓய்வில் இருக்கும் நல்ல சதையில் ஊசியை விட்டால், குத்திய அந்தக் கணத்தில் சின்னதாக ஒரு சலசலப்பு, அப்புறம் நிசப்தம். அழற்சி இருக்கும் சதையில் அந்த நிசப்தம் கிடைக்காது. அழற்சி ஒரு தசை இழையை நடுவில் அரித்துவிட்டால், நரம்பு வந்து சேரும் இடத்திலிருந்து அறுபட்ட துண்டு, யாரும் சொல்லாமலேயே தானாகத் துடிக்க ஆரம்பிக்கும். இதற்கு ஃபைப்ரிலேஷன் என்று பெயர். ஸ்பீக்கரில் அது தகரக் கூரையில் மழைத்துளி விழுகிற மாதிரி டிக் டிக் என்று ஒரே சீராகக் கேட்கும், இந்த வேலையில் பழகியவர்கள் திரையைப் பார்க்காமலேயே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் "லேசாக மடக்குங்கம்மா" என்பார் டாக்டர். முதுகுத்தண்டில் இருக்கும் ஒரு நரம்பு செல்லின் கீழ் பெரிய தசைகளில் நூற்றுக்கணக்கான இழைகள் உண்டு, அவை எல்லாம் சேர்ந்து துடிப்பதுதான் திரையில் ஒரு அலையாகத் தெரியும். தசை நோயில் அந்தக் கூட்டத்தில் பல இழைகள் செத்துப்போய்விடுவதால் அலை குள்ளமாக, குறுகலாக, பல முனைகளோடு வரும். ஆள் குறைவு என்பதால், கொஞ்சம் மடக்குவதற்கே பல நரம்பு செல்கள் ஒன்றாக வேலைக்கு வந்துவிடும். நாள்பட்ட நரம்பு நோயில் இதற்கு நேர் எதிர்: நரம்பை இழந்த இழைகளைப் பக்கத்து நரம்பு தன்னோடு சேர்த்துக்கொள்வதால் அலை பெரிதாகவும் அகலமாகவும் இருக்கும், ஆனால் எண்ணிக்கை குறைவு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேருமே படி ஏறத் திணறுவார்கள்.

உங்கள் அம்மா விஷயத்தில் வெளிப்படையாகவே சொல்கிறேன், இமைத் தடிப்பு அந்த நோய்க்கே உரிய விதத்தில் இருந்து, விரல் முட்டிகள் மேலும் அதே மாதிரி திட்டுகள் இருந்தால், டெர்மடோமயோசைட்டிஸ் (தோலையும் சேர்த்துப் பிடிக்கும் தசை அழற்சி) என்று தோலைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். (நம் ஊர் நிறத்தில் அது சிவப்பாகத் தெரியாது, கருமையாகத் தெரிவதால் அலர்ஜி, மங்கு என்று களிம்பு தடவிக் காலம் போய்விடும்.) அப்படிப்பட்டவர்களுக்கு ஊசி டெஸ்ட் இல்லாமலும் சிகிச்சை ஆரம்பிப்பது உண்டு. இருந்தாலும் எடுத்து வைத்தால் இரண்டு லாபம்: பயாப்ஸி (சதைத் துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) தேவைப்பட்டால் எந்தச் சதையில் எடுப்பது என்று தெரியும், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய கணக்கு கையில் இருக்கும்.

இதைவிட முக்கியமான இரண்டு விஷயம். சாப்பாடு விழுங்கச் சிரமம், புரை ஏறுதல், மூச்சு வாங்குதல் இருந்தால் எந்த டெஸ்ட் தேதிக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே அட்மிட் ஆக வேண்டும். அடுத்தது, பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால் உடம்பில் எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுவார்கள். ஸ்கேன், மார்பகப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தால் பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

வெறும் வயிற்றில் போக வேண்டுமா? ரொம்ப வலிக்குமா? (திருப்பாதிரிப்புலியூர்)

சாப்பிட்டுவிட்டே போகலாம். குளித்துவிட்டு, தேங்காய் எண்ணெய், க்ரீம், பவுடர் எதுவும் கை காலில் தடவாமல் போங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் மின்முனை ஒட்டாது. தொடை, தோள் வரை ஏற்றிவிடக் கூடிய தளர்ந்த உடை நல்லது. ஏ.சி. அறையில் கை கால் சில்லிட்டுப் போனால் நரம்பு மெதுவாகக் கடத்துவதாக ரிப்போர்ட் வந்துவிடும், குளிர்ந்தால் சொல்லுங்கள், சூடுபடுத்திவிட்டு எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கும் பெரும்பாலும் எடுக்கலாம், ஆனால் எந்தச் சதையில், எப்படி என்று யோசித்து எடுப்பார்கள். சி.பி.கே.க்கு ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தால் ஊசி டெஸ்டுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், குத்திய பிறகு கொடுத்தால் அதனால் கொஞ்சம் ஏறிக் காட்டலாம்.

வலிக்குமா என்றால், வலிக்கும். "எறும்பு கடிக்கிற மாதிரி" என்று சொல்லி உட்கார வைப்பது எனக்குப் பிடிக்காது. ஷாக் சுரீர் என்று இருக்கும், ஊசி உள்ளே நகரும்போது கடுக்கும், ஆனால் தாங்கக்கூடியதுதான், வேண்டாம் என்றால் பாதியில் நிறுத்தச் சொல்லலாம். மொத்தம் ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகும். மறுநாள் சில இடத்தில் கன்றிப்போய் இருக்கும், அவ்வளவுதான். ஊசி ஒருவருக்குப் போட்டால் தூக்கி எறிவது, அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

பிசியோதெரபியில் என் அப்பாவுக்குத் தினமும் தோளில் கரண்ட் வைக்கிறார்கள். இதுவும் அதுவும் ஒன்றா? (கடலூர் முதுநகர்)

இல்லை. அது சிகிச்சை, இது பரிசோதனை. அங்கே கரண்ட் வைத்த ரசீதைக் கொண்டுவந்து "டெஸ்ட் எடுத்தாச்சு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

சித்தப்பா மகனுக்கு 22 வயது. இ.எம்.ஜி. ரிப்போர்ட்டில் "மயோபதிக் பேட்டர்ன்" என்று இருக்கிறது. சி.பி.கே. 9,000-க்கு மேல். உடனே ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டார்கள், மாதங்கள் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லை. ரிப்போர்ட் தப்பா, மருந்து தப்பா? (பண்ருட்டி)

ரிப்போர்ட் சரியாகவே இருக்கலாம், அதைப் படித்த விதம் தப்பாக இருக்கலாம். "மயோபதிக்" என்றால் கோளாறு நரம்பில் இல்லை, தசையில் என்று அர்த்தம். அழற்சி என்று அர்த்தமில்லை. ஃபைப்ரிலேஷன் இருந்தால்கூட அழற்சிதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, சில பரம்பரைத் தசைநோயிலும் அது வரும். இந்த வேறுபாட்டை ஊசியால் மட்டும் பிரிக்க முடியாது, பயாப்ஸியும் சில நேரம் மரபணுப் பரிசோதனையும் வேண்டும்.

நான் முதலில் கேட்கும் கேள்வி மெஷின் சம்பந்தப்பட்டதே இல்லை. தம்பியின் அப்பா அம்மா சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா? மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று நம் பக்கத்தில் சகஜம், அந்தக் குடும்பங்களில் மறைந்திருக்கும் தசைநோய் மரபணுக்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. அதில் டிஸ்ஃபெர்லின் என்ற புரதக் குறையால் வரும் ஒரு நோய் இருக்கிறது. பதின்ம வயது, இருபதுகளில் தொடங்கும், சி.பி.கே. ஆயிரக்கணக்கில் ஏறும், பயாப்ஸியில்கூட அழற்சி செல்கள் தெரிவதால் பாலிமயோசைட்டிஸ் (தோல் தடிப்பு இல்லாத தசை அழற்சி) என்று பெயர் வைத்து ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், பலன் இருக்காது. குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்க முடிகிறதா, கெண்டைக்கால் சூம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் எப்போதிலிருந்து பின்தங்கினான் என்று அவன் அம்மாவிடம் கேளுங்கள். மாதக்கணக்கில் வந்ததா, வருடக்கணக்கில் வந்ததா என்பதற்குப் பதில் வீட்டில்தான் இருக்கிறது, மெஷினில் இல்லை.

ஒன்று மட்டும், ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்ட பிறகு திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

வலது பக்கம் மட்டும் ஊசி குத்தினார்கள், இடது பக்கம் தொடவே இல்லை. முழுப் பணமும் வாங்கிக்கொண்டு பாதி டெஸ்டா? (மஞ்சக்குப்பம்)

இல்லைங்க, வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். தசை அழற்சி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் ஒரு பக்கம் பார்த்தால் போதும். ஊசி குத்திய சதையில் அந்தக் காயத்தாலேயே கொஞ்சம் அழற்சி உண்டாகும், அதே இடத்தில் பயாப்ஸி எடுத்தால் நோயா, ஊசிக் காயமா என்று நுண்ணோக்கியில் குழப்பமாகிவிடும். வலது தொடையில் கோளாறு தெரிந்தால் இடது தொடையில் அதே தசையில் பயாப்ஸி, அதுதான் வழக்கம். உங்கள் இடது பக்கத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இ.எம்.ஜி. நார்மல். ஆனாலும் டாக்டர் மயோசைட்டிஸ் (தசை அழற்சி) என்கிறார். யாரை நம்புவது? (அரியாங்குப்பம்)

டாக்டரை, அவர் உங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்றால். உறுதியான தசை அழற்சி உள்ளவர்களிலேயே சுமார் பத்தில் ஒருவருக்கு இந்த டெஸ்ட் நார்மலாக வரலாம். அழற்சி சதை முழுக்கப் பரவாமல் அங்கங்கே திட்டாக இருக்கும், ஊசி முனை பார்ப்பதோ சில மில்லிமீட்டர் இடம். எந்தச் சதையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் முக்கியம். இடுப்பு, தொடை, தோள், முதுகெலும்பை ஒட்டிய சதை, இவைதான் முதலில் மாட்டும். ரிப்போர்ட்டில் முன்கையும் கணுக்காலும் மட்டும் பார்த்து நார்மல் என்று இருந்தால் அந்த நார்மலுக்கு மதிப்பு குறைவு. எந்தெந்தச் சதை என்று ஒரு அட்டவணை இருக்கும், அதைப் பாருங்கள். முதுகுச் சதையைப் பார்க்காமல் விட்டிருந்தால் திரும்பக் கேட்கலாம். தொடை எம்.ஆர்.ஐ. எடுத்தால் எங்கே நீர்கோத்து அழற்சி இருக்கிறது என்று படமாகவே தெரியும். டெஸ்டுக்குப் பல வாரம் முன்பே ஸ்டீராய்டு ஆரம்பித்திருந்தாலும் அறிகுறி மங்கிப்போயிருக்கும்.

நான் நர்சிங் மாணவி. தசை அழற்சிக்கு 2017-இல் வந்த புதிய அளவுகோலில் இ.எம்.ஜி.யே இல்லை என்று வகுப்பில் சொன்னார்கள். அப்புறம் ஏன் எடுக்கிறீர்கள்? (காலாப்பட்டு)

நல்ல கேள்வி. 1975-இல் போஹன், பீட்டர் இருவரும் வகுத்த அளவுகோலில் ஐந்து அம்சங்கள்: இடுப்பு, தோள் பக்கம் இரு புறமும் பலவீனம், பயாப்ஸி, ரத்தத்தில் தசை நொதிகள், இ.எம்.ஜி., தோல் தடிப்பு. ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து 2017-இல் வெளியிட்டதில் வயது, பலவீனம், தோல், விழுங்கும் சிரமம், ஜோ-1 எதிர்ப்பொருள், நொதிகள், பயாப்ஸி இவற்றுக்குத்தான் மதிப்பெண், இ.எம்.ஜி.க்கு இல்லை. ஆனால் அது ஆராய்ச்சிக்கு நோயாளிகளை வகை பிரிப்பதற்கான அளவுகோல். நரம்பா தசையா என்று தெரியாமல் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது உதவாது, நரம்பு நோய் இல்லை என்று முடிவான பிறகுதான் அந்த மதிப்பெண் கணக்கே ஆரம்பிக்கிறது.

எனக்கு 67 வயது. மூன்று வருடமாக முழங்கால் திடீரென்று மடங்கி விழுகிறேன். சட்டைப் பட்டன் போட, பூட்டில் சாவி திருப்ப முடியவில்லை. பாலிமயோசைட்டிஸ் என்று ஸ்டீராய்டு சாப்பிட்டேன், சர்க்கரைதான் ஏறியது. இரண்டாவது இ.எம்.ஜி.யில் "மிக்ஸ்டு" என்கிறார்கள். (முத்தியால்பேட்டை)

ஐயா, கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த விரல் விஷயம்தான் முக்கியம். தொடை முன்சதையும் விரலை மடக்கும் சதையும் சேர்ந்து, ஐம்பது வயதுக்கு மேல், மெதுவாக வருடக்கணக்கில் பலவீனமானால் இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் என்ற வேறு வகைத் தசை அழற்சியை நினைக்க வேண்டும். அதில் சின்ன அலையும் பெரிய அலையும் கலந்து வரும், அதனால்தான் "மிக்ஸ்டு". இதையே சிலருக்கு நரம்பு நோய் என்று சொல்லிவிடுவதும் உண்டு. ஊசியை முன்கையில் விரல் மடக்கும் சதையில் விட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இது ஸ்டீராய்டுக்குப் பணியாத நோய். மருந்து இல்லை என்பது கசப்பான விஷயம்தான், ஆனால் பலன் தராத மாத்திரையால் வரும் சர்க்கரையையும் எலும்புத் தேய்மானத்தையும் தடுக்கலாம். முழங்கால் பட்டை, கைத்தடி, பயிற்சி, விழுங்குவதில் கவனம் இவற்றால் விழுவதையும் புரை ஏறுவதையும் குறைக்கலாம்.

பாலிமயோசைட்டிஸுக்கு ஒரு வருடமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன். நடுவில் நன்றாகத் தேறினேன். இப்போது மறுபடி தொடை பலவீனம், பஸ் படி ஏற முடியவில்லை. சி.பி.கே. நார்மல். நோய் திரும்பிவிட்டது, டோஸை ஏற்ற வேண்டும் என்கிறார் ஒருவர், மாத்திரையால்தான் இப்படி, குறைக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். மறுபடி ஊசி டெஸ்ட் எடுத்தால் தெரியுமா? (நெய்வேலி)

ஊசி டெஸ்ட் உண்மையாகவே கைகொடுக்கும் இடம் இதுதான், ஆனால் இதற்குத்தான் குறைவாக எழுதிக் கொடுக்கிறார்கள். நோய்க்குக் கொடுக்கும் மருந்தே தொடையைப் பலவீனமாக்கும், வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், வைத்தியமோ நேர் எதிர்.

நோய் திரும்பியிருந்தால் பெரும்பாலும் ஊசியில் ஃபைப்ரிலேஷன் மறுபடி தலைகாட்டும், குள்ள அலைகள் அதிகமாகும். ஸ்டீராய்டால் வந்த பலவீனம் என்றால் ஓய்வில் சதை அமைதியாக இருக்கும், மடக்கச் சொன்னால் அலைகளும் கிட்டத்தட்ட சரியாகவே இருக்கும். காரணம், ஸ்டீராய்டு முக்கியமாகச் சுருக்குவது வேகமாக இயங்கும் இரண்டாம் வகை இழைகளை. லேசாக மடக்கும்போது முதலில் வேலைக்கு வருவது மெதுவான முதல் வகை இழைகள், ஊசி கேட்பதும் அவற்றைத்தான், அவற்றுக்குச் சேதம் குறைவு. எனவே ஆள் பலவீனம், சி.பி.கே. நார்மல், ஊசியும் கிட்டத்தட்ட நார்மல் என்று மூன்றும் சேர்ந்தால் மாத்திரையின்மேல் சந்தேகம் வலுக்கும். பழைய சேதத்தால் சிலருக்கு ஃபைப்ரிலேஷன் மிச்சமிருக்கலாம், இரண்டு கோளாறும் ஒரே தொடையில் சேர்ந்து இருப்பதும் உண்டு, அதனால் முதல் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அது கையில் இல்லாமல் வருபவர்களால்தான் எங்களுக்குத் தலைவலி.

அதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை குத்திக்கொள்ள வேண்டியதில்லை. சாதாரணமாகத் தேறிக்கொண்டிருப்பவருக்குக் கை கால் வலுவைப் பார்ப்பதும் சி.பி.கே.யும் போதும். உங்களை மாதிரி மருந்தை ஏற்றுவதா இறக்குவதா என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்குத்தான் இரண்டாவது டெஸ்ட். நெய்வேலியிலிருந்து ஜிப்மருக்கோ வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ போவதாக இருந்தால் காலையிலேயே கிளம்புங்கள். முதல் இ.எம்.ஜி. ரிப்போர்ட்டை, அலைப் படங்கள் அச்சிட்ட பக்கங்களோடு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் எத்தனை மில்லிகிராம் ஸ்டீராய்டு சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, எந்த மாதத்திலிருந்து பஸ் படி ஏற முடியவில்லை என்பதையும் அதற்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.